கல்வராயன் மலையாறுகளும் வலசை மீன்களும்

வலசை என்றவுடன் பறவைகளே நம் நினைவுக்கு வருகின்றன. வேடந்தாங்கலை அறியாத தமிழர் அரியர். நீருக்குள் நிகழும் வலசையோ நம் கண்ணுக்கும் கருத்துக்கும் எட்டாமலே நிகழ்கிறது. மேலை நாட்டார் சால்மன் மீனைப் பற்றி எழுதிக் குவித்துள்ளனர். ஆற்றின் தலைப்பில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுதற்குப் பிறந்த ஆற்றையே நாடி வரும் அம்மீன் நம் ஆறுகளில் இல்லை. (நம் சந்தையில் ‘இந்தியன் சால்மன்’ என விற்கப்படும் காலா மீன் வேறு இனத்தது.) ஆயினும் கடலையும் மலையையும் இணைக்கும் மீன்கள் நமக்கும் உண்டு. அவற்றுள் விலாங்கினை முதன்மையாகக் கொண்டு, கல்வராயன் மலையாறுகளின் நிலையை இங்கே ஆராய முற்படுகிறோம்.

விலாங்கினைச் சங்கப் புலவர் மலங்கு என்றனர். புறநானூற்றின் 61ஆம் பாடலில் மலங்கு பிறழும் வயலும் பழன வாளையும் ஒருங்கே வருகின்றன. வயல்வரை மலங்கு வந்து சேர்ந்தது எனின், வாய்க்காலும் ஆறும் கடலும் ஒரே நீர்வழியாய் இயங்கின என்று கொள்வதில் தவறில்லை. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது விலாங்கு என்பர் நம் மக்கள். அதன் வடிவைக் கண்டு எழுந்தது இப்பழமொழி. அதன் வாழ்க்கையோ வடிவினும் வியப்புக்குரியது.

சால்மனின் வழக்கத்திற்கு நேர்மாறானது விலாங்கின் வழக்கம். அது நன்னீரில் பல்லாண்டுகள் வளர்ந்து, முதிர்ந்தபின் ஆற்றோடு இறங்கி ஆழ்கடலை அடைந்து, வாழ்நாளில் ஒரே முறை முட்டையிட்டு மாய்கிறது. குஞ்சுகள் இலை போன்ற தட்டை வடிவில் கடலோட்டத்தில் மிதந்து, கரையை நெருங்குகையில் கண்ணாடி போன்ற மெல்லுடல் பெற்றுக் கழிமுகங்களில் நுழைகின்றன. இவ்வரலாறு அறியப்படாத காலத்தில், விலாங்கு சேற்றிலிருந்தே தோன்றுகிறது என்று அரிஸ்டாட்டில் எழுதினார். டென்மார்க் அறிஞர் யோகான்னஸ் ஷ்மிட் 1920களில் ஐரோப்பிய விலாங்கின் பிறப்பிடம் அட்லாண்டிக்கின் சர்காசோ கடல் எனக் காட்டினார். 1928–30இல் உலகைச் சுற்றிய ‘டேனா’ கப்பல், நம் கடற்பகுதிக்குரிய விலாங்கினத்தின் குஞ்சுகளைச் சுமத்திராவுக்கு மேற்கே கண்டது. இந்திய விலாங்கினங்களுள் ஒன்று மலையோடைகள் வரை ஏறும் இயல்பினது.

இனி, வழியைக் காண்போம். கோமுகியும் மணிமுத்தாறும் கல்வராயன் மலை நீரைக் கொணர்கின்றன; மணிமுத்தாறு விருத்தாசலத்தைக் கடந்து கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. அம்மலையிலேயே தோன்றும் வசிட்ட நதியும் வெள்ளாற்றில் அடங்குவதே. வெள்ளாறு, மஹ்மூது பந்தர் என்றும் பெயர் பெற்ற பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. அங்கு நுழையும் இளம் விலாங்கு மலையை நோக்கினால், முதலில் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு எதிர்ப்படும். இடையில் வேறு அணைக்கட்டுகளும், மணல் அள்ளியதால் சிதைந்த படுகைகளும், கோடையில் வறண்ட நெடுந்தொலைவும் உண்டு. இறுதியில், 1965இல் முடிவுற்ற 46 அடிக் கோமுகி அணையோ, 36 அடி மணிமுத்தா அணையோ நிற்கும்.

மீனுக்கு வழியடைத்தால் என்ன நேரும் என்பதைக் காவிரி நமக்கு முன்னரே காட்டிவிட்டது. உல்லம் சால்மனைப் போன்றே கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடுவது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைகள் எழுந்தன. அணைக்கட்டுகள் மீன்களின் ஏற்றத்தைத் தடுப்பதைப் பிரான்சிஸ் டே 1873ஆம் ஆண்டு அறிக்கையில் சுட்டினார். 1909இல் உல்லத்தைச் செயற்கையாய்ப் பொரிக்கச் செய்யும் முயற்சி கொள்ளிடத்தில் தொடங்கிற்று. 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றபின் காவிரியில் உல்லம் நசிந்தது. எச்சரிக்கை கிடைத்தும் அறுபதாண்டுகள் வாளா இருந்தனர் என்பதே நமக்கு வருத்தம் தருவது.

அணையில் மீன்குஞ்சு விடுகிறோமே, அது போதாதா என வினவுவோர் உளர். கட்லாவும் ரோகுவும் உணவுக்கும் வருவாய்க்கும் உதவுவன. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் விடப்பட்ட கட்லா கடலுக்குச் செல்ல வேண்டியதில்லை. விலாங்குக்கோ கடலின்றிச் சந்ததி இல்லை. அணைக்குள் அகப்பட்ட விலாங்கு எத்துணைக் கொழுத்தாலும் அதன் மரபு அங்கேயே முடிகிறது.

அமெரிக்காவின் கிளமத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றும் பணி 2024இல் முடிந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே, நூறாண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்த பகுதிக்குச் சால்மன் ஏறிற்று. கோமுகி அணையை நம்பி வாழும் உழவரிடம் இவ்வழியைப் பரிந்துரைத்தல் அறமாகாது. ஆனால் தாழ்ந்த அணைக்கட்டுகளின் செய்தி வேறு. இளம் விலாங்கு ஈரமான சுவரிலும் பாறையிலும் ஊர்ந்து ஏறவல்லது. ஓரத்தில் சொரசொரப்பான ஒரு சரிவும் அதில் கசியும் சிறிது நீரும் இருப்பின் அது ஏறிவிடும். நியூசிலாந்தில் மீன் ஏறுவதற்கென நார்க்கயிறுகளையே தொங்கவிட்டுள்ளனர். கயிற்றுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. புதுவெள்ளம் வருங்கால் மதகின் ஒரு கண்ணைத் திறந்து வைத்தால், முட்டையிட மேலேறும் வாளைக்கும் அது உதவும். மடுவில் நஞ்சு கலந்தும் வெடி வைத்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமென்கிறது. ஆகவே இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஊரார் கண்காணிப்பே தேவை.

தமிழ்த்துறை மாணவர்க்கும் இதில் பணி உண்டு. மலையடிவார ஊர்களில் முதியோரையும், பரங்கிப்பேட்டையில் வலைஞரையும் அணுகி, எந்த மீன் எவ்வூர்வரை ஏறியது, எந்த ஆண்டு முதல் காணப்படவில்லை என்பதைக் கேட்டு எழுதலாம். விலாங்குக்கு அவ்வவ்வூரில் வழங்கும் பெயரையும் அத்துடன் குறித்துக்கொள்ளலாம். மலங்கு என்னும் சொல் எங்கேனும் இன்னும் பேச்சில் உள்ளதா என்பதும் அதனால் தெரியவரும்.