வரவு உண்டு, இருப்பு இல்லை



வியாபாரத்துக்கான பாடம் வியாபாரிகளின் வாழ்க்கையிலிருந்துதான் கிடைக்க வேண்டும் என்பதில்லை. இம்மாதம் நாம் பார்க்கப்போவது ஒரு சீட்டாட்டக்காரரின் வரவு செலவை. அமெரிக்காவில் போக்கர் என்னும் சீட்டாட்டத்தையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவர் ஸ்டூ உங்கர். சூதாட்டத்தைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. ஈட்டும் திறமை வேறு, ஈட்டியதைக் காக்கும் திறமை வேறு என்பதை இவரைவிடத் தெளிவாகக் காட்டுபவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

போக்கர் தொழிலின் தன்மை

போக்கரில் சூதாட்ட விடுதியை எதிர்த்து யாரும் ஆடுவதில்லை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் தங்களுக்குள் பந்தயம் கட்டி ஆடுகிறார்கள். மண்டியில் தரகு எடுப்பது போல விடுதி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். எதிராளியின் கையில் என்ன சீட்டு இருக்கும் என்று கணிக்கத் தெரிந்தவரும், எப்போது விலகிக்கொள்வது என்று அறிந்தவரும் நாளடைவில் மற்றவர்களைவிட அதிகம் எடுப்பார்கள். ஆனால் ஒரு நாள் ஆட்டத்தில் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரரையும் சீட்டு கவிழ்த்துவிடும்.

இதனால் தொழிலாக ஆடுபவர்களிடையே ஒரு விதி உண்டு. ஆட்டத்துக்கென்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்க வேண்டும். அதில் சிறு பகுதிக்கு மேல் ஒரே மேஜையில் இறக்கக் கூடாது. வீட்டுச் செலவை அதிலிருந்து எடுக்கக் கூடாது. நாம் 'முதல்' என்று சொல்வது இதைத்தான்.

உங்கரின் திறமை

உங்கர் 1953-ல் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை மதுக்கடை நடத்திக்கொண்டே பந்தயப் பணமும் வாங்குபவர். ஆகவே சிறு வயதிலேயே பையனுக்குச் சூதாட்ட உலகம் பழகிவிட்டது. தந்தை இறந்தபோது அவனுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதுதான் இருக்கும். பிறகு தாயையும் சகோதரியையும் காப்பாற்றியது சீட்டில் கிடைத்த பணமே.

அவருக்கு அபார ஞாபகசக்தி. ஜின் ரம்மி என்னும் ஆட்டத்தில் அவரை வெல்ல ஆளில்லை என்று பெயர் வந்தது. அதன் பலன், அவருடன் உட்கார்ந்து ஆட எவரும் முன்வரவில்லை. எவ்வளவு நல்ல சரக்கானாலும் வாங்க ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது? 1970-களின் கடைசியில் லாஸ் வேகாஸ் நகருக்குப் போய்ப் போக்கருக்கு மாறினார்.

அங்கே ஆண்டுதோறும் நடக்கும் போக்கர் உலகப் போட்டியின் முதன்மை ஆட்டத்தில் 1980-ல் டாயில் பிரன்சன் என்ற பெரிய ஆட்டக்காரரைத் தோற்கடித்துப் பட்டம் பெற்றார். 1981-லும் அவரே வென்றார். தலைக்குப் பத்தாயிரம் டாலர் கட்டி 75 பேர் ஆடிய அந்த ஆட்டத்தில் முதல் பரிசு 3,75,000 டாலர். அப்போது அவருக்கு 27 வயது.

பணம் எங்கே போனது?

சீட்டில் வந்த பணம் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் போனது. சீட்டு அவர் அறிந்த தொழில். குதிரை அவர் அறியாத தொழில். தெரிந்த தொழிலின் லாபத்தைத் தெரியாத தொழிலில் கொண்டுபோய்க் கொட்டினார். வங்கிக் கணக்கே வைத்துக்கொள்ளாமல், பணத்தை விடுதிகளின் பாதுகாப்புப் பெட்டகங்களில் போட்டு, வேண்டும்போது எடுத்துச் செலவழித்தார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்குமேல் கோகெய்ன் என்னும் போதைப்பொருள் பழக்கம். மணவாழ்க்கையும் 1980-களிலேயே முறிந்தது. 1990 உலகப் போட்டியின் மூன்றாம் நாள் அவர் மேஜைக்கு வரவில்லை. விடுதி அறையில் போதையால் நினைவிழந்து கிடந்தார். முந்தைய நாட்களில் அவர் சேர்த்திருந்த பந்தயச் சில்லுகள் ஏராளம். ஆள் இல்லாத நாற்காலிக்கு முன்னால் இருந்த அந்தக் குவியலிலிருந்து கட்டாயப் பந்தயத்துக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொண்டே போனார்கள். அப்படியும் அவருக்கு ஒன்பதாம் இடம் கிடைத்தது. திறமைக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அவர் நிலைமைக்கும் இதைவிடச் சாட்சி வேண்டாம்.

1997-ல் போட்டியில் சேரப் பத்தாயிரம் டாலர்கூட அவர் கையில் இல்லை. நண்பர் பில்லி பாக்ஸ்டர் கடைசி நேரத்தில் கட்டினார். பரிசு வந்தால் ஆளுக்குப் பாதி என்பது பேச்சு. 312 பேர் ஆடிய அந்தப் போட்டியில் உங்கர் மூன்றாம் முறையாக வென்றார். பரிசு பத்து லட்சம் டாலர். தன்னுடன் வைத்திருந்த மகளின் படத்தைக் காட்டி, வெற்றியை அவளுக்கே உரியதாக்கினார்.

அவர் பங்குக்கு வந்த ஐந்து லட்சம் டாலர் சில மாதங்களில் கரைந்தது. 1998 போட்டிக்கும் பாக்ஸ்டர் பணம் கட்டத் தயாராக இருந்தார். உங்கர் உடல் முடியாமல் அறையை விட்டு வரவில்லை. அவ்வாண்டு நவம்பர் 22-ஆம் தேதி லாஸ் வேகாஸில் மலிவான தங்கும் விடுதி ஒன்றில் இறந்து கிடந்தார். வயது 45. நெடுநாள் போதைப் பழக்கம் இருதயத்தைக் கெடுத்திருந்தது. ஆயுளில் சுமார் மூன்று கோடி டாலர் ஜெயித்திருப்பார் என்பது ஒரு மதிப்பீடு. கையில் இருந்ததோ ஏறக்குறைய 800 டாலர். நண்பர்கள் வசூல் செய்து அடக்கம் செய்தார்கள்.

1980-ல் இவரிடம் தோற்ற பிரன்சன் முதுமையிலும் ஆடிக்கொண்டிருந்தார். உலகப் போட்டிகளில் மொத்தம் பத்துப் பட்டங்கள் பெற்று, 2023-ல் 89-ஆம் வயதில் மறைந்தார். அவரும் பந்தயங்களில் இழந்தவர்தான். ஆனால் மறுநாள் மேஜையில் உட்கார அவரிடம் முதலும் உடம்பும் இருந்தன.

நமக்கான பாடங்கள்

ஒன்று: கல்லாவில் உள்ள பணம் எல்லாம் நம் பணம் அல்ல. அதில் சரக்கு அனுப்பியவருக்குச் சேர வேண்டியது உண்டு, வரி உண்டு, கூலி உண்டு. விற்பனைத் தொகையைப் பார்த்துக் கை நீட்டிச் செலவு செய்பவர், பண்டிகைக் காலத்தில் பணக்காரராகவும் ஆடி மாதத்தில் கடன்காரராகவும் இருப்பார். வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையைக் கணக்கில் எழுதி எடுங்கள்.

இரண்டு: பருப்பிலும் மிளகாயிலும் முப்பது வருட அனுபவம் உள்ளவர்கள், அந்த லாபத்தை ஊக வணிகத்திலும், யாரோ சொன்ன பங்கிலும் போடுவதைக் காண்கிறோம். ஒரு தொழிலில் கெட்டிக்காரர் என்பதற்காக அடுத்த தொழிலும் நமக்குக் கட்டுப்படாது.

மூன்று: நொடித்த நண்பருக்கு உதவும்போது பாக்ஸ்டரையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அவர் நல்ல மனிதர், பேச்சுத் தவறாதவர். ஆனால் அவர் கொடுத்த பணம் ஒரு போட்டிக்குத்தான் ஆனது. கைமாற்றாக ரொக்கம் கொடுப்பதைவிட, அவர் தர வேண்டிய இடத்தில் நேரே கட்டிவிட்டு, ஒரு நாள் அவரோடு உட்கார்ந்து பேரேட்டைப் பாருங்கள். வசூல் செய்து அடக்கம் செய்வதைவிட இது செலவு குறைந்த உதவி.

நான்கு: போதையும் சூதும் அறிவுரையால் மட்டும் தீர்வதில்லை. இவை வைத்தியம் வேண்டிய நோய்கள். திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு அடுத்த அதிகாரம் சூது, அதற்கு அடுத்தது மருந்து. வீட்டில் ஒருவருக்கு இப்பழக்கம் தெரிந்தால் ஊர் என்ன சொல்லும் என்று மூடி வைக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கைப்பேசியில் காசு வைத்து ஆடுவதும் சூதுதான். கடைக் கணக்கின் கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறது என்பது முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தொகையை வருடக் கடைசியில் கணக்கர் போட்டுத் தரட்டும் என்று நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். மாதம் முடிந்ததும் ஒரு தாளில் சரக்கு இருப்பு, வர வேண்டியது, ரொக்கம் ஆகியவற்றை ஒரு பக்கமும், தர வேண்டியதை மறு பக்கமும் எழுதிக் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவதே நம்முடையது. மகன் கடைக்கு வந்துகொண்டிருந்தால் அந்தத் தாளை அவனையே எழுதச் சொல்லுங்கள்.