16 நாளில் இரண்டு நாடு

கேள்வி: 16 நாள் விடுமுறையில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டையும் பார்க்க முடியுமா? எதற்கு எத்தனை நாள்?

பதில்: முடியும், ஆஸ்திரேலியாவைச் சுருக்கினால். சிட்னியிலிருந்து பெர்த்துக்குப் பறப்பதைவிட ஆக்லாந்துக்குப் பறக்கும் நேரம் குறைவு. அவ்வளவு பெரிய நாடு அது!

போக வர இரண்டு நாள் கழியும். சிட்னிக்கும் அருகிலுள்ள நீலமலைக்கும் ஐந்து நாள் போதும். மீதி ஒன்பதையும் நியூசிலாந்தின் தென்தீவுக்கே கொடுக்கலாம். அங்கே அழகெல்லாம் சாலையில்தான். குவீன்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்ட் சவுண்ட் ஏறத்தாழ 290 கி.மீ., ஒரு வழிக்கே நான்கு மணி நேரம். ஒரே நாளில் போய்த் திரும்பினால் களைப்புதான் மிஞ்சும். நடுவே தே அனாவில் ஓர் இரவு தங்குவது நல்லது. வண்டி நம்மூர் போலவே இடப்பக்கம் ஓடும்.

பையில் பழம், ஊறுகாய் இருந்தால் நியூசிலாந்து வருகைப் படிவத்தில் குறிப்பிட வேண்டும். தவறினால் 400 டாலர் அபராதம்.