வங்கி வாசலில் ஓர் இரட்டைக் குழல்

ராயபுரத்திலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் நாம் துப்பாக்கியைப் பார்ப்பது பெரும்பாலும் வங்கி வாசலில், அல்லது ஏ.டி.எம்.முக்குப் பணம் கொண்டுவரும் வேனின் அருகில். தினமும் கண்ணில் படுவதால் பயம் விட்டுப்போகிறது. அந்த இடத்தில் தவறான சில நம்பிக்கைகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

“உள்ளே தோட்டா இல்லைங்க” என்பது அவற்றில் முதலாவது. நகைக்கடனுக்கு வரிசையில் நிற்பவர்கள் பக்கம் குழல் நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று கேட்டால் இந்தப் பதில்தான் வரும். இல்லை என்று எப்படித் தெரியும்? முந்தைய ஷிப்டுக்காரர் சொன்னாராம். அது போதவே போதாது. இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கையில் வாங்கும் ஒவ்வொரு முறையும் மடித்துத் திறந்து, இரண்டு குழலையும் கண்ணால் பார்க்க வேண்டும். பிஸ்டலில் மேகசினைக் கழற்றிய பிறகும் உள்ளே ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். பார்த்து உறுதிசெய்த பிறகும் குழல் மனிதர் பக்கம் திரும்பக் கூடாது. சுடும் கணம் வரும்வரை விரல் விசைமேல் போகக் கூடாது. ‘எதிர்பாராமல் வெடித்தது’ என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இதில் ஏதோ ஒன்றை யாரோ செய்யாமல் விட்டிருப்பார்கள்.

குறி தப்பிய குண்டு பக்கத்திலேயே எங்காவது விழுந்துவிடும் என்பது அடுத்தது. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம் ஒன்று இருந்தது. 2021 டிசம்பர் 30 அன்று மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் அங்கே பயிற்சியில் இருந்தார்கள். தளத்துக்கு வெகு தொலைவில், தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்துபோனான். சீருடைப் படையினர், அதற்கென்றே ஒதுக்கிய இடத்தில் சுட்டபோது நடந்தது இது. தண்டையார்பேட்டை எண்ணெய்த் தொட்டிகள், எண்ணூர் சாலையில் நகராமல் நிற்கும் கன்டெய்னர் லாரிகள், காசிமேட்டில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்: நம் பகுதியில் குறிக்குப் பின்னால் என்ன இருக்கும், யார் இருப்பார்கள்? இரும்பிலும் கான்கிரீட்டிலும் பட்ட குண்டு திசைமாறித் தெறிக்கும். வானத்தை நோக்கிச் சுட்ட குண்டும் யார் தலைமேலாவது இறங்கலாம். கொண்டாட்டத்தில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தம்.

ஏர் கன் விளையாட்டுச் சாமான் இல்லை. குறைந்த விசை கொண்டவற்றுக்கு உரிமம் தேவையில்லைதான். ஆனால் அதன் சின்ன ஈயக்குண்டு ஒரு குழந்தையின் கண்ணைப் பறிக்கப் போதும்.

லைசென்ஸ் வாங்கியதோடு பொறுப்பு முடிந்தது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். துப்பாக்கியையும் தோட்டாவையும் பத்திரமாக வைக்க இடம் இருக்கிறதா என்று விண்ணப்பப் படிவமே கேட்கிறது. புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைப்பது பத்திரம் ஆகாது. பிள்ளைகளுக்குத் தெரியாத இடம் வீட்டில் கிடையாது. இரண்டையும் தனித்தனியே பூட்டி, சாவியை உடையவரே வைத்திருக்க வேண்டும். அந்த உரிமம் குடும்பச் சொத்தும் இல்லை. உடையவர் இறந்துவிட்டால், துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். மகனோ மகளோ அதை வைத்துக்கொள்ள விரும்பினால் தங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். சென்னையில் அதைப் பரிசீலிப்பது மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம்.