முதல் பிறந்தநாளுக்கு ஜெயன்ட் கப்கேக்: வீட்டுல செய்யலாமா, ஆர்டர் கொடுக்கலாமா?

குழந்தையோட முதல் பிறந்தநாள் வருது. ஒரு பெரிய பானை சைஸ்ல, மேல க்ரீம் சுருள் சுருளா இருக்கிற ஜெயன்ட் கப்கேக் போட்டோவைப் பார்த்துட்டீங்க. "கடையில 3,000 ரூபாய் சொல்றான், வீட்டுலயே பண்ணா 800 ரூபாய்தான் ஆகும்"னு மனசு சொல்லுது. இது உண்மையா? காஸ்ட் அக்கவுண்டிங்ல இதுக்கு 'மேக் ஆர் பை' முடிவுன்னு பேர். ஃபேக்டரிக்குப் போடுற அதே கணக்கை இன்னிக்கு அடுப்படிக்குப் போடுவோம்.

நீங்க சாந்தோம்ல ஒரு ரெண்டு பெட்ரூம் வீட்டுல வாடகைக்கு இருக்கீங்க, மாசச் சம்பளம் 45,000, விருந்தாளிங்க 20 பேர்னு வெச்சுக்குவோம். ஆளுக்கு 100 கிராம்னா 2 கிலோ கேக் போதும். கீழே இருக்கிற விலையெல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டது. உங்க கடை பில்லைப் பார்த்து மாத்திக்கோங்க.

1. பொருள் செலவு

வெண்ணெய் 750 கிராம் (கேக்குக்கு 450, க்ரீமுக்கு 300): ரூ.450
மைதா 450 கிராம்: ரூ.30
சர்க்கரை 450 கிராம்: ரூ.25
ஐசிங் சுகர் 600 கிராம்: ரூ.70
முட்டை 8: ரூ.60
பால், பேக்கிங் பவுடர், வெனிலா, கலர்: ரூ.100
கேக் போர்டு, பெட்டி: ரூ.80
கரண்ட்: ரூ.25
மொத்தம்: ரூ.840

கரண்டுக்கு 25 ரூபாய்தானான்னு கேக்கலாம். 1,500 வாட் ஓடிஜி ஒன்றரை மணி நேரம் ஓடினா அதிகபட்சம் 2.25 யூனிட். யூனிட்டுக்கு 10 ரூபாய்னு தாராளமா வெச்சாலும் அவ்வளவுதான்.

இதோட ஒரு டிரையல் கேக்கையும் சேர்க்கணும். முதல் தடவை பண்றவங்க பிறந்தநாள் அன்னிக்கே சோதனை பண்ணக் கூடாது. க்ரீம் இல்லாம ஒரு டிரையலுக்கு 460 ரூபாய். ஆக மொத்தம் ரூ.1,300.

2. யாரும் சேர்க்காத செலவு: சாமான்

ஓடிஜி 6,000, ஜெயன்ட் கப்கேக் மோல்டு 1,800, ஹேண்ட் பீட்டர் 1,500, நாசில் செட் 400. கூட்டினா ரூ.9,700. எதுவுமே இல்லாத வீட்டுல அந்த '800 ரூபாய் கேக்' உண்மையில 11,000 ரூபாய் கேக்!

"சாமான் வீட்டுலதானே இருக்கும்?" சரி, பிரேக் ஈவன் பார்ப்போம். கடை விலை 3,000, நம்ம செலவு 840. ஒரு கேக்குக்கு மிச்சம் 2,160. போட்ட 9,700-ஐயும் டிரையல் செலவு 460-ஐயும் எடுக்க அஞ்சு பெரிய கேக் செய்யணும். வருஷத்துக்கு ஒண்ணுன்னா குழந்தையோட அஞ்சாவது பிறந்தநாள் வரைக்கும் காத்திருக்கணும். அப்போ குழந்தை கப்கேக் வேணாம், கார் கேக்தான் வேணும்னு சொல்லும்.

3. நோ காஸ்ட் ஈஎம்ஐ

"ஓடிஜியை நோ காஸ்ட் ஈஎம்ஐல போட்டுடலாம்"னு தோணும். வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. வட்டி இருக்கு, அது தள்ளுபடியா சரிக்கட்டப்படுது. ஆனா கிரெடிட் கார்டு ஈஎம்ஐன்னா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க தலையில. 199 ரூபாய் ப்ராசஸிங் ஃபீ இருந்தா ஜிஎஸ்டியோட 235 ரூபாய்.

4. உங்க நேரம்

டிரையலும் சேர்த்து எட்டு மணி நேரம் ஆகும். ஞாயித்துக்கிழமை ஆசையா பண்ணா அதுக்கு விலை போட வேணாம். ஆனா லாஸ் ஆஃப் பே போட்டு பண்ணா 45,000-ஐ 30-ஆல வகுத்து 1,500 ரூபாயைச் சேர்த்துக்கணும்.

5. அப்போ எது சரி?

வீட்டுல ஓடிஜியும் பீட்டரும் ஏற்கெனவே இருந்தா, தாராளமா செய்யுங்க. மோல்டை மட்டும் தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வாரம் கேட்டு வாங்குங்க. ரெண்டு குழியும் ஒண்ணா இருக்கிற உலோக மோல்டு அகலமானது, சின்ன ஓடிஜிக்குள்ள நுழையாமப் போகலாம். முதல்ல உள் அகலத்தை டேப் வெச்சு அளந்துடுங்க.

மோல்டு கிடைக்கலையா? ரெண்டு வட்ட கேக்கை அடுக்கி, கீழ்ப்பக்கம் குறுகலா சீவினா அடிப்பாகம் ரெடி. ஓவனுக்குத் தாங்கும் கண்ணாடி பவுல்ல ஒண்ணு சுட்டுக் கவிழ்த்தா மேல் பாகம். சாமான் செலவு பூஜ்யம்.

160 டிகிரில மெதுவா வேகட்டும். ஆழமான பாகம் உள்ள வேக நேரம் எடுக்கும், அதனால ஒவ்வொரு பாகத்துலயும் தனித்தனியா குச்சி விட்டுப் பாருங்க. இன்னொண்ணு, கடலோர வெக்கையில வெண்ணெய் க்ரீம் நிக்காது. ஃப்ரிட்ஜ்ல வெச்சு, வெட்டுறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி வெளிய எடுங்க.

சாமான் எதுவும் இல்லைன்னா, ஆர்டர் கொடுக்கிறதுதான் சிக்கனம். 2025 செப்டம்பர் 22-லிருந்து கேக்குக்கு ஜிஎஸ்டி 18%-லிருந்து 5% ஆயிடுச்சு. பில்லுல பழைய ரேட் இருக்கான்னு பாருங்க. வீட்டுல பேக் பண்ணித் தர்ற அக்காகிட்ட வாங்குனா, அவங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லாதப்போ தனியா ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது. எஃப்எஸ்எஸ்ஏஐ-யோட 14 இலக்க எண் இருக்கான்னும் கேட்டுக்கோங்க.

6. பிறந்தநாள் குழந்தைக்கு?

ரெண்டு வயசு வரைக்கும் சர்க்கரை சேர்க்க வேணாம்னுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்றாங்க. அதனால பெரிய கேக் போட்டோவுக்கும் விருந்தாளிங்களுக்கும்தான். குழந்தைக்கு வாழைப்பழம் மசிச்சுப் போட்டு, இட்லித் தட்டுல ஒரு குட்டி கேக் அவிச்சா போதும். முழு முந்திரி, பாதாம் வேணாம், தொண்டையில சிக்கும்.

மிச்சமான பணம்

ஓடிஜி இருக்கிற வீட்டுல 3,000-க்கும் 1,300-க்கும் வித்தியாசம் 1,700 ரூபாய். அதை ஸ்விக்கில கரைய விடாதீங்க. பெண் குழந்தைன்னா பர்த் சர்டிஃபிகேட்டோட மயிலாப்பூர் போஸ்ட் ஆபீஸ் போய் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்கிடுங்க. வருஷத்துக்குக் குறைஞ்சது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம், 15 வருஷம் கட்டணும். பையன்னா அவன் பேர்ல பிபிஎஃப் தொடங்கலாம்.

ஆசைப்பட்டு செய்யுங்க, தப்பே இல்ல. ஆனா "காசு மிச்சம்"னு சொல்லி 9,700 ரூபாய்க்கு சாமான் வாங்காதீங்க. கடைக்குப் போறதுக்கு முன்னாடி பரண்ல என்ன இருக்குன்னு ஒரு தடவை ஏறிப் பாருங்க.