சிறுகோள் சுரங்கம் கட்டுபடியாகுமா?

அன்புள்ள இனியனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சைக்கி என்ற சிறுகோளின் மதிப்பு, ஒன்றுக்குப் பின்னால் 19 பூஜ்யம் போட்ட டாலர் என்று படித்திருக்கிறாய். "அதை இழுத்துக்கொண்டு வந்துவிட்டால் உலகத்தில் ஏழையே இருக்க மாட்டார்களே, ஏன் பெரியப்பா யாரும் செய்யவில்லை?" என்று கேட்டிருக்கிறாய். உன் கேள்விக்குப் பின்னால் இருக்கும் எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே கணக்கை ஒழுங்காகப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

அந்த எண், சைக்கியை ஆராயப் போகும் நாசா பயணத்தின் தலைமை அறிவியலாளர் லிண்டி எல்கின்ஸ்-டான்டன் ஒரு பேட்டியில் சொன்னது. சைக்கியில் இருக்கக்கூடிய இரும்பை அன்றைய சந்தை விலையால் பெருக்கினார், அவ்வளவுதான். அதைப் பூமிக்குக் கொண்டுவர வழியில்லை என்றும், வந்தால் சந்தையே சரிந்துவிடும் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். பத்திரிகைகள் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டன. உலக நாடுகள் அத்தனையும் சேர்ந்து ஒரு வருஷத்தில் ஈட்டுவதைப்போல ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு அது. அவ்வளவு பணம் கொடுத்து இரும்பு வாங்க உலகத்தில் யார் இருக்கிறார்கள்? போதாக்குறைக்கு, சைக்கி முழுக்க உலோகம் இல்லை, கல்லும் உலோகமும் கலந்தது என்றே இப்போது கருதுகிறார்கள். 2023 அக்டோபரில் கிளம்பிய விண்கலம் 2029இல் அங்கே போய்ச் சேரும். அப்போது தெரிந்துவிடும்.

இரும்பை விடு, பிளாட்டினம் இருக்கிறதே என்பாய். அந்த ஆசை நியாயமானது. தென்னாப்பிரிக்காவில் பிளாட்டினம் தோண்டும் சுரங்கங்களில் ஒரு டன் தாதுவுக்கு ஐந்தாறு கிராம் கிடைத்தாலே நல்ல தாது. சிறுகோள்களிலிருந்து வந்து விழுந்த இரும்பு வகை விண்கற்கள் சிலவற்றில் பிளாட்டினமும் அதன் இன உலோகங்களும் டன்னுக்குப் பல பத்து கிராம் இருக்கின்றன. டன்னுக்கு 50 கிராம் என்றே வைத்துக்கொள். ஒரு டன் பிளாட்டினம் எடுக்க 20,000 டன் நிக்கல்-இரும்பை உடைத்து, உருக்கிப் பிரிக்க வேண்டும். பூமியில் தாதுவை மாவாக அரைத்து, தண்ணீரில் நுரை கட்டவைத்துப் பிரிக்கிறார்கள். சிறுகோளில் காற்றும் இல்லை, ஓடும் தண்ணீரும் இல்லை, எடை என்ற ஒன்றே கிட்டத்தட்ட இல்லை. துளைபோடும் கருவியை அழுத்தினால் கல் துளைபடுவதற்கு முன் கருவிதான் விலகிப் போகும். இத்தனையும் செய்து எடுத்த ஒரு டன் பிளாட்டினத்துக்குச் சந்தையில் கிடைப்பது சில கோடி டாலர்.

செலவு எவ்வளவு ஆகும் என்பதற்கு ஓர் உண்மைக் கணக்கு இருக்கிறது. நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2016இல் புறப்பட்டு, சுமார் 500 மீட்டர் அகலமுள்ள பென்னு என்ற சிறுகோளுக்குப் போனது. 2020 அக்டோபர் 20 அன்று அதன் கை பென்னுவைத் தொட்டது. கெட்டியான தரை இருக்கும் என்று நினைத்த இடத்தில் கை அரை மீட்டர் ஆழத்துக்கு உள்ளே இறங்கிவிட்டது. பென்னு ஒரே பாறை இல்லை, ஒன்றையொன்று லேசாகப் பற்றிக்கொண்டிருக்கும் கற்குவியல். அள்ளிய கற்கள் மூடியில் சிக்கி, கொஞ்சம் வெளியே சிந்தவும் செய்தன. 2023 செப்டம்பரில் யூட்டா பாலைவனத்தில் வந்து இறங்கிய பெட்டியில், மூடியின் 35 பிடிப்பான்களில் இரண்டு கழலவில்லை. மாதிரியில் மாசு படாமல் அவற்றைக் கழற்றத் தனியாகக் கருவி செய்து, 2024 ஜனவரியில்தான் முழுதாகத் திறந்தார்கள். மொத்தம் 121.6 கிராம். செலவு சுமார் 116 கோடி டாலர். கிராமுக்கு ஏறக்குறைய 95 லட்சம் டாலர்!

இதை வைத்து அந்தப் பயணம் வீண் என்று எண்ணிவிடாதே. அது வியாபாரத்துக்குப் போனதில்லை. அந்தத் துகள்களில் அமினோ அமிலங்களும், பழைய உப்புநீர் வற்றியபோது தங்கிய உப்புகளும் இருந்தன. உயிருக்கு வேண்டிய மூலப்பொருள்கள் விண்வெளியில் எப்படி உருவாயின என்பதற்கான தடயம் அது. என்னைக் கேட்டால் 116 கோடியும் தகும்.

சிறுகோளைப் பிடித்து வருவதற்கும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2012இல் கலிபோர்னியாவின் கெக் ஆய்வு நிறுவனத்தில் கூடிய வல்லுநர்கள், சுமார் 7 மீட்டர் அகலமும் 500 டன் எடையும் உள்ள ஒரு கல்லைப் பெரிய பையில் போட்டுக் கட்டி நிலாவின் சுற்றுப்பாதைக்குக் கொண்டுவர 260 கோடி டாலர் ஆகும் என்றார்கள். நாசா அந்த யோசனையை எடுத்துக்கொண்டு, பிறகு ஒரு பெரிய பாறையை மட்டும் பெயர்த்து வரலாம் என்று சுருக்கி, 2017இல் கைவிட்டது.

இங்கே நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கொண்டுவரும் பொருளைப் பூமியில் இறக்காமல் விண்வெளியிலேயே பயன்படுத்தினால்? மலை உச்சிக் கடையில் தண்ணீர் பாட்டிலுக்கு ஏன் அதிக விலை என்று உனக்குத் தெரியும். விண்வெளியிலும் அதே கதைதான். சில சிறுகோள்களின் களிமண் போன்ற கனிமங்களில் நீர் பிணைந்திருக்கிறது. சூடாக்கினால் ஆவியாக வரும். ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தால் ராக்கெட் எரிபொருள். கெக் கணக்கில் கொண்டுவரும் கல் கிலோவுக்கு 5,200 டாலர் விழுகிறது. ஆனால் அப்படிப்பட்ட கல்லிலும் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் நீர். ஆகவே நீருக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் கிலோ 26,000 டாலருக்குக் குறையாது. விண்வெளி ஓடம் பறந்த காலத்தில் பூமியின் தாழ்ந்த சுற்றுப்பாதைக்கே கிலோவுக்கு 50,000 டாலருக்கு மேல் ஆனது. அதோடு ஒப்பிட்டால் இது லாபம் போலத் தெரியும். ஆனால் ஃபால்கன் 9 ராக்கெட் வந்தபின் அந்தச் செலவு சுமார் 3,000 டாலராகக் குறைந்துவிட்டது. நிலாப் பக்கம் அனுப்ப இதைப்போலச் சில மடங்கு ஆகும், இருந்தாலும் ராக்கெட் மலிவாக மலிவாகச் சிறுகோள் நீர் கட்டுபடியாகும் நாள் தள்ளித்தான் போகிறது. மனிதர்கள் நிலாவைத் தாண்டி அடிக்கடி போய்வரும் காலம் வந்தால் மட்டும் இதற்கு வழி பிறக்கும்.

இதில் பணம் போட்டவர்களையும் பார். 2012இல் கூகுளின் லாரி பேஜ் போன்றவர்கள் ஆதரவோடு வெளிச்சத்துக்கு வந்த பிளானட்டரி ரிசோர்சஸ் என்ற சிறுகோள் சுரங்க நிறுவனம், 2018இல் விண்வெளிக்குச் சம்பந்தமில்லாத ஒரு பிளாக்செயின் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆஸ்ட்ரோஃபோர்ஜ் என்ற இன்னொரு நிறுவனம் 2025 பிப்ரவரியில் அனுப்பிய ஓடின் விண்கலத்தோடு தொடர்பு அறுந்தது. சட்டம் இவர்களைத் தடுக்கவில்லை. எடுத்ததை எடுத்தவரே வைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்கா 2015இலும் லக்சம்பர்க் 2017இலும் சட்டம் போட்டிருக்கின்றன. தடுத்தது இயற்பியலும் வரவு-செலவும்.

விலை சரிந்தால் ஏழைக்கு நல்லதுதானே என்று நீ கேட்பாய். 1884இல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் அலுமினியம் வைத்தார்கள். அன்று அது வெள்ளி விலை. இரண்டே வருஷத்தில் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் மின்சாரத்தால் அதைப் பிரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அதன்பின் அலுமினியம் எல்லோர் வீட்டுச் சமையலறைக்கும் வந்தது. எடுக்கும் செலவு குறைந்தது, அதனால் விலை குறைந்தது. சிறுகோள் உலோகத்தில் விலை மட்டும் சரியும், செலவு அப்படியே நிற்கும். நஷ்டத்துக்கு யாரும் தொடர்ந்து தோண்டமாட்டார்கள். ஏழைக்கு அதனால் ஒன்றும் வராது.

ஆக, பூமியில் விற்பதற்காகச் சிறுகோளைத் தோண்டுவது இன்றைக்குத் தகாத செலவு. சிறுகோள்களுக்குப் போவது தகும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் சுமார் 20 மீட்டர் கல் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயம்பட்டார்கள். 2022இல் சுமார் 32 கோடி டாலர் செலவில் நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோள் மீது மோதி, அது தன் பெரிய துணைச் சிறுகோளைச் சுற்றிவரும் நேரத்தை அரை மணிக்கும் மேல் குறைத்தது. தெறித்த கற்களும் சேர்ந்து தள்ளியதால்தான் அவ்வளவு விளைவு. இந்தக் கற்குவியல்கள் எப்படி ஒட்டி நிற்கின்றன என்று தெரிந்தால்தான் நம்மை நோக்கி வருவதைத் திருப்ப முடியும். நாளைக்குத் தோண்டவும் அதே அறிவுதான் வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து என்ன படிப்பது என்றும் எழுதியிருந்தாய். எல்லோரும் ராக்கெட் பக்கம் ஓடுகிறார்கள். நீ நிலவியலையும் கனிமவியலையும் விசாரித்துப் பார். பென்னுவின் துகள்களைப் பிரித்துப் படிப்பவர்கள் அவர்கள்தான்.

அன்புடன்,
பெரியப்பா