க்யூபிக்கா, பிபிஆரா: சர்வருக்கு எது பொருந்தும்?

லினக்ஸ் சர்வரில் வேகம் போதவில்லை என்றதும் பலரும் முதலில் கைவைப்பது டிசிபியின் நெரிசல் கட்டுப்பாட்டு முறையில். க்யூபிக்கை எடுத்துவிட்டு பிபிஆரைப் போடு என்ற அறிவுரை எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் பாக்கெட்டுகள் எதனால் தொலைகின்றன என்று அறியாமல் இந்தத் தேர்வைச் செய்யவே முடியாது. 2006 முதல் லினக்ஸின் இயல்பு முறையாக இருக்கும் க்யூபிக், பாக்கெட் தொலைந்தால் பாதையில் நெரிசல் என்று கொண்டு, அனுப்பும் அளவை ஏறத்தாழ 30 சதவீதம் குறைக்கிறது. கூகுள் உருவாக்கி 2016இல் கர்னல் 4.9இல் சேர்ந்த பிபிஆர், பாதையின் கொள்ளளவையும் மிகக் குறைந்த சுற்றுநேரத்தையும் அளந்து அதற்கேற்ற வேகத்தில் அனுப்புகிறது. இழப்பை அது பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை.

பிபிஆருக்கு ஆதரவாகக் கூகுள் வெளியிட்ட அளவீடு வலுவானது. 10 ஜிபிபிஎஸ் இணைப்பு, 100 மில்லிசெகண்ட் சுற்றுநேரம், 1 சதவீத இழப்பு என்ற நிலையில் க்யூபிக் 3.3 எம்பிபிஎஸ்ஸும் பிபிஆர் 9,100 எம்பிபிஎஸ்ஸும் தந்தன. அப்படியானால் எல்லா இடத்திலும் பிபிஆரையே போடலாமே என்று கேட்கலாம். அந்த நிலையில் இழப்புக்கும் நெரிசலுக்கும் தொடர்பில்லை. அதனால்தான் அவ்வளவு பெரிய இடைவெளி. இழப்பு உண்மையிலேயே நெரிசலால் வந்தால், குறிப்பாக வழியிலுள்ள ரூட்டரின் பஃபர் சிறியதாக இருந்தால், பிபிஆரின் முதல் பதிப்பு விட்டுக்கொடுக்காமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஓடும் க்யூபிக் இணைப்புகள் ஒடுங்கிப்போகும். அந்த வேகம் அடுத்தவர் பங்கிலிருந்து வருவது. அதை முன்னேற்றம் என்று நான் ஏற்கமாட்டேன்.

இரண்டையும் ஒப்பிடுமுன் கணினியின் டிசிபி பஃபரைப் பார்த்துவிட வேண்டும். 1 ஜிபிபிஎஸ் பாதையில் சுற்றுநேரம் 200 மில்லிசெகண்ட் என்றால் எந்த நேரமும் 25 எம்பி தரவு வழியில் இருக்க வேண்டும். 2025க்கு முந்தைய லினக்ஸ் கர்னல்களில் பெறும் பஃபரின் வழக்கமான உச்சவரம்பு 6 எம்பிதான். அந்த வரம்போடு எந்த முறையும் 250 எம்பிபிஎஸ்ஸைக்கூடத் தொட இயலாது. உச்சவரம்பைக் கண்டபடி உயர்த்தினால் நினைவகம் வீணாகாதா? ஒரு இணைப்புக்கு வீணாகாது, தேவைக்கேற்பத்தான் கர்னல் ஒதுக்கும். ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் தாங்கும் சர்வரில் அந்தக் கவலை நியாயமானது, அங்கே கணக்குப் போட்டே உயர்த்த வேண்டும். பஃபரைப் போலன்றி நெரிசல் கட்டுப்பாடு அனுப்புபவர் பக்கத்தில் மட்டுமே இயங்குவதால், பதிவிறக்கம் மந்தமாக இருக்கும் கணினியில் பிபிஆர் போட்டும் பயனில்லை.

பஃபர் சரியான பிறகு ஐபெர்ஃப்3 என்ற அளவீட்டுக் கருவியைக் கொண்டு, பாதையின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் யுடிபி பாக்கெட்டுகளை அனுப்பிப் பாருங்கள். அப்போதும் சில தொலைந்தால் காரணம் உங்கள் நெரிசல் அல்ல. கண்டம் தாண்டும் பாதையிலும் ரேடியோ இணைப்பிலும் இந்த நிலை வரக்கூடும், அங்கே பிபிஆர் சரி. வேகம் கூட்டும்போதுதான் இழப்பு தொடங்குகிறது என்றால் க்யூபிக்கை மாற்றாதீர்கள். உங்கள் கையில் உள்ள ரூட்டரில் எஃப்க்யூ-கோடெல் வரிசை முறையை இயக்கினால் காத்திருப்பு நேரம் குறையும்.