மெய்யும் சொற்பொருளும்

சொல்லைக் கற்றல் வேறு. சொற்பொருளை உணர்தல் வேறு. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொண்டு மயங்குதல் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் பெரிதும் நேர்வதாம். ஒரு சொல்லுக்கு மற்றொரு சொல்லைப் பொருளாகக் கூறிய மாணாக்கன் அதனை அறிந்துவிட்டான் என்று நாம் மகிழ்கின்றோம். அம்மற்றொரு சொல்லின் பொருளை அவன் எதனால் அறிந்தான் என்று வினவுவாரிலர். சொல்லுக்குச் சொல், அதற்கும் வேறொரு சொல் எனச் செல்லின், அவ்வோட்டம் நிற்குமிடம் யாது? நமது உடம்பின் அனுபவமே அவ்விடம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

நாம் இளமையிற் கிறித்தவப் பாடசாலையொன்றிற் பயின்ற காலத்து, ஆங்கிலச் செய்யுட்களில் வெண்பனியைக் குறிக்குஞ் சொல் பலகாலும் வந்தது. அதற்குப் பொருள் கேட்டவிடத்து, 'உறைந்து வெண்ணிறமாய் வானினின்று வீழும் நீர்' என எழுதி முழுப் புள்ளியும் பெற்றோம். பின்னொருநாள், மீன் ஏற்றிச் சென்ற வண்டியினின்றும் வீழ்ந்த ஐஸ்கட்டியொன்றை எடுத்துக் கையுட் பொத்திக்கொண்டோம். முதலிற் குளிர்ந்தது, சிறிது நேரத்தில் நெருப்பைத் தொட்டாற் போலக் கடுத்தது. அது வெண்பனியன்று, எனினும், நீர் உறைதல் என்பது யாதென அன்றுதான் கை அறிந்தது. முன்பு எழுதிய விடையிற் பிழையில்லை. ஆனால் அதனை எழுதிய நாம் அதன் பொருளை அறிந்திலேம்.

இவ்வுண்மைக்கு ஹெலன் கெல்லர் என்னும் அம்மையாரது சரித்திரம் சிறந்த சான்றாகும். அவர் 1880ஆம் ஆண்டில் அமெரிக்க தேசத்து அலபாமா மாகாணத்திற் பிறந்து, பத்தொன்பதாம் மாதத்தில் வந்த நோயினாற் கண்ணொளியுஞ் செவிப்புலனும் இழந்தார். 1887ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆன் சலிவன் என்னும் ஆசிரியை வந்து, பொருள்களைக் கையிற் கொடுத்து, அவற்றின் பெயர்களை எழுத்தெழுத்தாக உள்ளங்கையில் விரலாற் குறித்துக் காட்டினார். பிள்ளை அவ்விரற்குறிகளைத் திருப்பிச் செய்யக் கற்றுக்கொண்டது. எனினும், கிண்ணத்தின் பெயரையும் அதனுள் இருந்த நீரின் பெயரையும் ஒன்றோடொன்று மயங்கிற்று. ஏப்பிரல் மாதம் 5ஆந் தேதி, ஆசிரியை பிள்ளையை நீரிறைக்குங் குழாயடிக்கு அழைத்துச் சென்று, ஒரு கைமீது நீர் பாயவிட்டு, மறுகையில் நீரின் பெயரைக் குறித்தார். அந்நொடியிலேயே பெயரென்பது யாதெனப் பிள்ளைக்கு விளங்கிற்று. விரற்குறி முன்னும் இருந்ததே. அன்று அதனோடு இயைந்தது கைமீது ஓடிய நீரின் குளிர்ச்சியாம்.

இனி, நந்தமிழ்மொழியை நோக்குவாம். ஏழாம் வேற்றுமை இடப்பொருளது. அதன் உருபுகளாக நன்னூலார் 28 கூறினார். அவற்றுள்ளே கண், கால், தலை, வாய் என்னும் நான்கும் உடம்பின் உறுப்புக்களுக்கும் பெயராவன. முன், பின், வலம், இடம் என்பனவோ நிற்கும் ஒருவனது உடம்பை அடியாகக் கொண்டு அறியப்படுவன. விரற்கடை, சாண், முழம், கூப்பிடுதூரம் என்னும் அளவைப் பெயர்களும் அத்தகையன. 'ஊரின்கண் இருந்தான்' என்புழி, ஊருக்குக் கண் உண்டோ என எவரும் ஐயுறுவதில்லை. அத்துணை இயல்பாக உடம்பு மொழியினுட் கலந்து நிற்கின்றது.

அற்றேல், தொட்டும் கண்டும் அறியவியலாத பொருள்களை உணர்த்துஞ் சொற்களுக்கு உடம்பு என் செய்யும் எனின், கூறுதும். பொறை என்பது சுமைக்கும் பெயர், பொறுமைக்கும் பெயர். நீர்க்குடத்தைத் தோளில் ஏற்றி, இறக்கிவிட விரும்பியும் இறக்காது வீடுவரை நடந்தவன், பொறுமை இன்னதென அறிவான். தெளிவு என்பது கலங்கிய நீர் தெளிதலினின்று அறிவுக்கு ஏறியது. பற்று என்பது கையாற் பிடித்தலினின்று உள்ளத்துக்கு ஏறியது. நஞ்சமயத்தார் கூறும் பாசம் என்னுஞ் சொல்லுக்குக் கயிறென்பதே வெளிப்படைப் பொருள். கன்றைக் கட்டி, அது கயிற்றை இழுத்து இழுத்து நிற்பதைக் கண்ட பிள்ளைக்கு இச்சொல்லை விளக்குதல் எளிது.

உடம்பு வாழும் நாடு வேறுபடின் சொற்பொருளும் வேறுபடும். குளிர்நாட்டாராகிய ஆங்கிலேயர் அன்பான வரவேற்பை வெதுவெதுப்புடையது என்பர். வெயிலில் நடந்து வந்த விருந்தினனுக்கு முதலில் தண்ணீர் கொடுக்கும் நாமோ, உள்ளங் குளிர்ந்தது என்கின்றோம். பெரியோரது அருளைத் தண்ணளி என்கின்றோம். இதனை ஓராது, சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் 'சூடான வரவேற்பு' என எழுதுவார், வந்தவரை வைது அனுப்பியதாகவே நமக்குத் தோற்றுவிக்கின்றார். தொல்காப்பியர் உரியியலில் வெம்மைக்கு வேண்டுதல் என்னும் பொருள் கூறினாரன்றோ எனின், அதுவும் உடம்பறிந்ததே. வேட்கை உள்ளபொழுது உடம்பு வெதும்பும். அது நிறைவுற்றபொழுது குளிரும்.

மேனாட்டறிஞரும் இத்துறையில் ஆராய்ந்துள்ளனர். லேக்கோவ், ஜான்சன் என்னும் இருவர் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், அன்றாடப் பேச்சின் உருவகங்கள் பல உடம்பின் அனுபவத்தை அடியாகக் கொண்டவை எனக் காட்டினர். 2004ஆம் ஆண்டில் வெளிவந்த மூளை ஆராய்ச்சியொன்றில், காலால் உதைத்தல், கையால் எடுத்தல் முதலிய தொழிற்சொற்களை வாசித்த அளவில், அவ்வவ்வுறுப்புக்களை இயக்கும் மூளைப்பகுதிகளை அடுத்தும் அவற்றோடு ஒன்றியும் உள்ள இடங்கள் தொழிற்பட்டமை காணப்பட்டது. இதனால் நிறுவப்படுவது எவ்வளவு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், சொல்லும் உடம்பும் தொடர்பற்றன என இனிக் கூறலாகாது.

இவற்றாற் பெறப்படுவது யாது? நிகண்டு மனனம் பண்ணுதல் வீணென்று நாம் கூறுகின்றோமல்லேம். மனனஞ் செய்த சொல் விதை போல்வது; அனுபவம் நிலம் போல்வது. விதையைக் குதிரிலே நிறைத்து வைத்து, விளைவு வந்ததெனக் கொள்ளலாகாது. ஆதலால், ஆசிரியர்களே, முழம் என்பதைக் கற்பிக்குமுன் பிள்ளை தன் கையால் வாங்கின் நீளத்தை அளக்கட்டும். மருதநிலங் கற்பிக்குமுன் வயற்சேற்றிற் கால் வைக்கட்டும். பெற்றோர்களே, கை அழுக்காகும் என்று பிள்ளைகளை வீட்டினுள் அடைத்து வைத்து, பரீட்சையில் அவர்கள் பெறும் புள்ளிகளை மட்டும் எண்ணாதிருங்கள். அங்ஙனம் வளரும் பிள்ளை ஆயிரஞ் சொற்களை உடையதாயினும் பொருளில் வறியதாகும்.

நம் முன்னோர் உடம்பையும் மெய் என்றனர். உண்மையையும் மெய் என்றனர். இவ்வொரு சொல்லைப் பிள்ளைகட்குக் கற்பிக்கும்போதேனும், முன்னதன் வழியே பின்னதை அறிவிக்க முயல்வோமாக.